கயிறு கைமாறின பிறகும் பல்லைப் பார்த்த ஆள்

அந்த ஆள் படிக்கவே இல்லைங்க. என் மகள் எழுதினதை முழுசாப் படிச்சிருந்தா, கீழ் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வெச்சிருக்க மாட்டான். ஆணா பெண்ணா தெரியாது, கிழமா இளசா தெரியாது. பேர் போடலை, கையெழுத்துப் போடலை. ஆனால் அமெரிக்காவில் எங்கியோ ஒரு மேசைக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்துகிட்டு, இப்போ நீங்க மடியில் பேப்பர்க் கட்டை வெச்சுத் திருத்திக்கிட்டு வர்றீங்களே, அதே மாதிரி, மேலே நாலு வரி கீழே நாலு வரி பார்த்துட்டுத் தள்ளி விட்டுட்டான்.

உங்களைச் சொல்லலைங்க. பேனாவை மூடாதீங்க. சேலத்தில் நீங்க பஸ் ஏறினதிலிருந்து பார்த்துக்கிட்டுத்தான் வர்றேன். ஆத்தூர் தாண்டுறதுக்குள்ளே பதினேழு பேப்பர் முடிச்சுட்டீங்க. நான் எண்ணினேன். தப்பா நினைக்காதீங்க, எண்ணுறது என் தொழில். இங்கிலீஷ் பேப்பரா? காலேஜா? அதானே பார்த்தேன். வாத்தியாரே, எனக்கு உங்ககிட்ட ஒரு காரியம் ஆகணும். முதல்ல கதையைக் கேளுங்க, அப்புறம் காரியத்தைச் சொல்றேன். முதல்லயே காரியத்தைச் சொன்னா நீங்க சீட்டு மாறி உட்கார்ந்துடுவீங்க.

நான் செங்கோடன். அந்தியூர். மாட்டு வியாபாரம். பதினோரு வயசில், மைசூர்ப் பக்கமிருந்து பர்கூர் மலை வழியா அடுத்தவன் மாட்டை ஓட்டிக்கிட்டு நடந்தவன். அஞ்சாம் வகுப்போட சரி. இருபது வயசில் ஒருத்தர் ஒரு தாளை நீட்டினார், சிரிச்சுக்கிட்டே நீட்டினார், நானும் சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டேன். சந்தையில் நான் கட்டுத்தறி போட்டிருந்த இடம் போச்சு. அன்னைக்கிருந்து தாள் நீட்டுற எவனையும் நான் நம்புறதில்லை. சிரிச்சுக்கிட்டு நீட்டுறவனைச் சுத்தமா நம்புறதில்லை.

எங்க வியாபாரம் எப்படின்னு உங்களுக்குத் தெரியாது. விலையை வாயில் சொல்ல மாட்டோம். துண்டைப் போட்டு மூடி, உள்ளே ஒருத்தர் விரலை ஒருத்தர் பிடிச்சுப் பேசுவோம். வாய் "இந்த வருசம் வெயில் ஜாஸ்திங்க"ன்னு பேசும், விரல் விலை சொல்லும். சுத்தி நூறு பேர் நின்னாலும் ஒருத்தனுக்கும் தெரியாது. மனசில் இருக்கிறதை முகத்தில் காட்டினவன் அன்னைக்கு வெறுங்கையோட வீட்டுக்குப் போவான். என் மகளுக்கு நான் சொல்லிக் கொடுத்ததும் அதுதான். "அம்மிணி, எவன் என்ன கேட்டாலும் பிடி கொடுக்காதே."

மகள் பேர் சிந்துஜா. ஒரே மகள். கோயமுத்தூரில் இன்ஜினியரிங் முடிச்சா. இப்போ மேல்படிப்பு, சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ணுற படிப்பு. சிரிக்காதீங்க, அங்கே அதுக்குப் பெரிய மரியாதையாம். எல்கேஜியிலிருந்து அவளுக்கு ஒவ்வொரு சீட்டையும் நான்தான் பேசி வாங்கினேன். இந்தச் சீட்டுக்கும் ஏஜெண்ட்டைப் பிடிச்சு, "நான் ஏன் இந்தப் படிப்பை விரும்புகிறேன்"னு அவள் சொல்ற மாதிரி ரெண்டு பக்கம் ஆள் வெச்சு எழுதி, எல்லாம் பக்காவாப் பண்ணினேன். கோயமுத்தூரில் ஒரு இங்கிலீஷ் பரிட்சை எழுதி, அதிலும் நல்ல மார்க். சீட்டு வந்தது, விசா வந்தது. முடிஞ்சுதா?

முடியலைங்க. ஜூலை மாசம் ஒரு மெயில் வருது. வெளிநாட்டுப் பிள்ளைங்க எல்லாரும் இன்னொரு எழுத்துப் பரிட்சை எழுதணுமாம். இதில் ஃபெயில் கிடையாதாம். இங்கிலீஷில் கட்டுரை எழுதுற வகுப்பு மூணு படியா இருக்காம், யாருக்கு எந்தப் படின்னு பார்க்கிறதுக்காம்.

எனக்குச் சுருக்குன்னுது. வாத்தியாரே, மாட்டு வாயைத் திறந்து பல்லை எண்ணிப் பார்த்தா வயசு தெரியும். வாங்குறவன் பார்க்கலாம், பத்துத் தடவை பார்க்கலாம், வேண்டாம்னு போகலாம். ஆனா விலை முடிஞ்சு கயிறு கைமாறிடுச்சுன்னா அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தான்னா அவன் திரும்பப் பேரம் பேசப் போறான்னு அர்த்தம். சீட்டுக் கொடுத்தாச்சு, விசாவும் ஆச்சு, இப்போ எதுக்குப் பல்லு? ஏஜெண்ட்டைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இது நார்மல் சார், எல்லா யூனிவர்சிட்டியிலும் உண்டு சார்"ங்கிறான். எவன் ஏமாத்தும்போதும் இதைத்தாங்க சொல்லுவான்.

அதிலும் கேள்வி எப்படி வரும்னு கேட்டேன். ஒரு பக்கம் படிக்கக் கொடுப்பாங்களாம். அதில் எழுதினவர் சொல்றதை நீ ஒத்துக்கிறியா, இல்லியா, உன் கருத்து என்னன்னு எழுதணுமாம். கருத்து! முன்னப்பின்ன தெரியாதவன் உங்க கருத்தைக் கேட்டா என்ன அர்த்தம்? எதையோ பிடுங்கப் பார்க்கிறான்னு அர்த்தம். "அம்மிணி, ரெண்டு பக்கமும் நல்லாத்தான் இருக்குன்னு எழுது. நடுவில் நில்லு"ன்னேன். அவள் முகத்தில் எதையும் காட்டலை. என் வளர்ப்பு.

பரிட்சை வீட்டிலேயே. லேப்டாப்பில். ஒண்ணரை மணி நேரம், கேமரா முகத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கும். எவனோ ஒருத்தன் என் வீட்டு நடையை ஒண்ணரை மணி நேரம் வேடிக்கை பார்ப்பான், நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா? நான் ஒரு ஏற்பாடு பண்ணினேன். எங்க ஊர்ப் பக்கம் காலேஜில் இங்கிலீஷ் எடுக்கிற அருளானந்தம்னு ஒருத்தர். பெரிய படிப்பு. அவரைக் கூட்டிவந்து, லேப்டாப்புக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாத இடத்தில், ஸ்டூல் போட்டு உட்கார வெச்சேன். கையில் சார்ட் பேப்பர், தடியா ஸ்கெட்ச் பேனா. இவள் கேள்வியை முணுமுணுன்னு வாய்க்குள்ளே படிக்கணும். அவர் பதிலைப் பெருசு பெருசா எழுதித் தூக்கிக் காட்டணும். இவள் பார்த்து அடிக்கணும்.

என்னங்க முகத்தைச் சுளிக்கிறீங்க? அவங்க கேமரா வெச்சா அது பரிட்சை, நான் ஸ்டூல் போட்டா அது திருட்டா? அவங்க பக்கம் எத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்கன்னு எனக்குத் தெரியுமா? எங்க பக்கம் ஒருத்தர். அவ்வளவுதான்.

காலையில் பதினோரு மணிக்கு ஆரம்பிச்சுது. குக்கர் சத்தம் வரக் கூடாதுன்னு சரசாவை, என் வீட்டுக்காரியை, அடுப்பையே பத்த வைக்க வேண்டாம்னுட்டேன். நான் வாசப்படியில் காவல். கேள்வி வந்தது. இவள் படிக்கிறா. கண்ணு மேலேயும் கீழேயும் போகுது. வாய் அசையலை. அருளானந்தம் பேனா மூடியைக் கழட்டி வெச்சுக்கிட்டு எம்பி எம்பிப் பார்க்கிறார். நான் ஜாடை காட்டுறேன், 'படி, வாய்விட்டுப் படி'ன்னு. நிமிர்ந்துகூடப் பார்க்கலை. இருபது நிமிசம்! இருபது நிமிசம் சும்மா சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா. அருளானந்தம் பொறுமை போய், அவரா ஒரு தலைப்பை யோசிச்சு, "சுற்றுச்சூழலைக் காப்போம்"னு இங்கிலீஷில் முழுச் சார்ட்டும் எழுதித் தூக்கிப் பிடிச்சார். கை வலிக்க வலிக்கப் பிடிச்சார். ஒரு பார்வை? ஒரு எழுத்து? ம்ஹூம். இவ பாட்டுக்குத் தட்ட ஆரம்பிச்சுட்டா. தட்டுறா, அழிக்கிறா, தட்டுறா, அழிக்கிறா. நடுவில் கண்ணைத் துடைச்சா. லேப்டாப் வெளிச்சம், எரியும்போல.

கடைசியில் ஒரு பக்கம் வந்தது. அதில் மூணு கட்டம். ஒரு நிமிசம் பார்த்தா, ஒண்ணில் அழுத்தினா, மூடிட்டா.

"முடிஞ்சுதுப்பா."

"சார் எழுதினதைப் பார்த்தியா இல்லியா?"

"பார்த்தேன்ப்பா. அழகான கையெழுத்து."

அருளானந்தத்துக்கு முகம் செத்துப் போச்சு. பாவம், சாப்பிடாமக்கூடப் போயிட்டார். அடுப்புதான் பத்த வைக்கலையே.

பத்தாம் நாள் முடிவு வந்தது. மூணு படியில் கடைசிப் படி. அந்த வகுப்பை எடுத்தா முதல் பருவத்தில் ஒரு பாடம் குறையுமாம், அதை அடுத்த பருவத்தில் சேர்த்துக்கணுமாம். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறுச்சு. கோயமுத்தூர்ப் பரிட்சையில் அத்தனை மார்க் வாங்கினவ, கடைசிப் படியா? யாரோ விளையாடிட்டான். அவளைக் கேட்டா, "விடுங்கப்பா, அது சரிதான்"ங்கிறா. எது சரி? "எனக்கு எழுதத் தெரியலைப்பா. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கத்தான் தெரியும்." அட, சந்தையில் பாதிப் பேர் அப்படித்தான் பொழைக்கிறாங்க! தெரிஞ்சவனா அத்தனை பேரும்?

விடுவேனா நான்? அவள் மெயில் ரகசிய நம்பர் ஏஜெண்ட் என்கிட்டத்தான் கொடுத்திருந்தான். அருளானந்தத்தைக் கையைக் காலைப் பிடிச்சுத் திரும்பக் கூட்டிவந்தேன். அவள் அமெரிக்கா போகப் பெட்டி கட்டிக்கிட்டு இருக்கா, நாங்க ரெண்டு பேரும் மாட்டுத் தீவனக் கிடங்கில் உட்கார்ந்து, சிந்துஜா எழுதுற மாதிரி மூணு மெயில் போட்டோம்.

முதல் மெயில் மரியாதையா. மேல்படி கொடுங்கன்னு. பதில், "உங்கள் இடம் உங்களுக்குப் பொருத்தமானது"ன்னு. பாருங்க, முதல் விலைக்கே மசியாத ஆள். ரெண்டாவது மெயிலில் இறங்கி வந்தேன். சரி, மேல்படி வேண்டாம், நடுப்படி கொடுங்க, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம்னு. அதுக்கும் அதே பதில். மூணாவதில்தான் நான் என் வழிக்கு வந்தேன். காரியம் முடிஞ்சா நல்லாக் கவனிச்சுக்குவோம், ஈரோட்டு மஞ்சளும் கருப்பட்டியும் பார்சல் வரும்னு. இது எங்க வழக்கம்ங்க. வியாபாரம் முடிஞ்சா எதிராளி வீட்டுக்கு ஏதாவது அனுப்புவோம். மரியாதை. அருளானந்தம் அதை இங்கிலீஷில் "தக்கபடி சன்மானம் செய்யப்படும்"னு கம்பீரமா எழுதினார். அதுக்குப் பதிலே வரலை.

பதில் வராதது நல்ல அறிகுறின்னு நினைச்சேன். துண்டுக்குள்ளே எதிராளி விரல் சும்மா இருந்தா யோசிக்கிறான்னு அர்த்தம்.

இருங்க, பஸ் எதுக்கு நிக்குது? டீக்கா? ஏப்பா கண்டக்டரு, எவ்வளவு நேரம்? பத்து நிமிசமா? பத்து நிமிசத்தில் கூட்டம் கழிவறைக்குப் போய்ட்டு வரவே போதாது, டீ எப்பக் குடிக்கிறது? அரை மணி நேரம் விடு. ...என்ன முறைக்கிறே? நான் என்ன உன் பஸ்ஸையா கேட்டேன்? சரி, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், இருபது. ...ஆங், அப்படி வா.

பார்த்தீங்களா? பத்து நிமிசம் கேட்டிருந்தா பதினொண்ணுகூடக் கிடைச்சிருக்காது. வாங்க வாத்தியாரே, இந்தப் பெஞ்சில் உட்காருங்க. பஸ் ஆட்டத்தில் எழுத முடியாது. இப்பக் காரியத்துக்கு வர்றேன்.

அவள் போய் இறங்கி மூணாவது வாரம் யூனிவர்சிட்டியில் கூப்பிட்டு அனுப்பியிருக்காங்க. இந்தத் தாளைப் பாருங்க. அவள் அம்மாவுக்குப் போட்டோ பிடிச்சு அனுப்பினதை அச்சடிச்சுக் கொண்டுவந்திருக்கேன். அருளானந்தம் இதை ஒரு தடவை படிச்சார், "எனக்குத் தலை சுத்துது"ன்னார், போனை அணைச்சுட்டுப் போனவர்தான், நாலு நாளா ஆளைக் காணோம். பெரிய படிப்பு! நீங்க படிங்க. மெதுவாப் படிங்க, நேரம் வாங்கி வெச்சிருக்கேன்.

ம்.

ம்.

சரி, இதைத்தான் அவரும் சொன்னார். மெயிலில் இருக்கிற இங்கிலீஷும் பரிட்சையில் இருக்கிற இங்கிலீஷும் ஒரே ஆள் எழுதின மாதிரி இல்லையாம். லஞ்சம் தர்றதா ஒரு மெயிலில் இருக்காம். மஞ்சள் லஞ்சமாம்! இந்த மெயிலை எழுதினது யாருன்னு வெள்ளிக்கிழமைக்குள்ளே சிந்துஜா சொல்லணுமாம். சொல்லலைன்னா, பரிட்சையையும் வேற ஆள்தான் எழுதியிருக்கணும்னு எடுத்துக்கிட்டு, சீட்டையே ரத்து பண்ணுவாங்களாம். அதானே? சரியாச் சொன்னேனா?

இன்னைக்குப் புதன்கிழமை.

நேத்து சரசாகிட்டப் பேசியிருக்கா. என்கிட்டப் பேசலை. மூணு வாரமா என் போனை எடுக்கிறதில்லை. மெயில் ரகசிய நம்பரையும் மாத்திட்டா. "யார் எழுதினதுன்னு அங்கே கேக்கிறாங்களாம்ங்க, இவ சொல்ல மாட்டேன்னு உட்கார்ந்திருக்காளாம்"னு சரசா அழுதா. சொன்னா என்னவாம்? "உங்க பேரைச் சொல்ல மாட்டாளாம்."

வாத்தியாரே, அதைக் கேட்டதும் எனக்குச் சோறு இறங்கலைங்க. ஏன், என் அப்பன்தான் எழுதினான்னு சொல்ல வெக்கமா? மாட்டுக்காரன் மகள்னு தெரிஞ்சுரும்னு பயமா? சந்தையில் என் பேரைச் சொன்னா நாலு பேர் எழுந்து நிப்பான். அந்தப் பேரை அங்கே சொல்ல இவளுக்கு வாய் வரலை. சீட்டே போனாலும் போகட்டும், அப்பன் பேர் மட்டும் வெளியே வரக் கூடாதாம். இவ்வளவு அசிங்கமாவா போயிட்டேன் நான்?

என்ன? காப்பாத்துறாளா? யாரை? என்னையா?

என்னை எதுக்குங்க காப்பாத்தணும்? நான் என்ன கொலையா பண்ணினேன்? நீங்க நல்லவர், நல்லபடியாச் சொல்றீங்க. எனக்கு அப்படித் தோணலை. ...அப்படியும் இருக்குமா? சேச்சே. அவளுக்குப் பத்து வயசிருக்கும்போது சந்தையில் ஒருத்தன் என்னைச் சட்டையைப் பிடிச்சுட்டான். இவ ஓடிவந்து அவன் கையைக் கடிச்சா. அது சின்ன வயசு. அது வேற.

அடுத்த தாளா? அது பரிட்சையின் கடைசிப் பக்கம்னு அருளானந்தம் சொன்னார். என்ன போட்டிருக்கு? சத்தமாச் சொல்லுங்க.

"எந்த வகுப்பு உங்களுக்குப் பொருத்தம் என்று நீங்களே நினைக்கிறீர்கள்?" சரி. அதுக்குக் கீழே மூணு கட்டம். கடைசிக் கட்டத்தில் டிக். அதாவது... என்ன சொல்றீங்க, அவளே போட்ட டிக்கா? பரிட்சைப்படி நடுப்படிக்கே தகுதி இருந்தும், அவள் கேட்டதால கீழ்ப்படி கொடுத்திருக்காங்கன்னா போட்டிருக்கு?

வாத்தியாரே, நீங்க அவங்க ஆளா?

கோவிச்சுக்காதீங்க. உட்காருங்க. பேப்பர்க் கட்டைக் கீழே வைங்க. என் வாய் அப்படி. ஆனா நீங்க சந்தைக்கு வந்ததில்லை. வித்தவன் பின்னாடி வந்து சத்தம் போட்டா, வாங்கினவன் எப்பவும் இதைத்தான் சொல்லுவான். "நீயே ஒத்துக்கிட்டுத்தானே கொடுத்தே?" இருபது வயசில் அந்தத் தாளை நீட்டினவனும் இதைத்தான் சொன்னான். மேலே ஒரு படி கிடைக்கும்னு தெரிஞ்சும் கீழ்ப்படி வேணும்னு எவளாவது கேட்பாளா? ஒரு காரணம் வேண்டாமா? அவளைத் தனியா உட்கார வெச்சு, மூணு கட்டத்தை நீட்டி, அப்பன் ஆத்தாளைக் கேக்காம, நீயே சொல்லுன்னா, பயத்தில் எதில் வேணும்னாலும் விரல் போகும்.

பயந்த மாதிரி இல்லைதான். ஒத்துக்கிறேன். அந்தக் கட்டத்தை அழுத்தும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். லேசாச் சிரிச்சா. அவள் அந்த மாதிரி சிரிச்சு நான் பார்த்ததில்லை.

சரி விடுங்க, பன்னெண்டு நிமிசம் ஆச்சு. காரியம் இதுதான். இன்னைக்கு மெட்ராஸில் ஒரு ஹோட்டலில் வெளிநாட்டுக் காலேஜ் கண்காட்சி. அந்த யூனிவர்சிட்டியிலிருந்து ஒரு அம்மா நேரில் வந்திருக்காங்க, சாயந்தரம் அஞ்சு மணி வரைக்கும் இருப்பாங்கன்னு ஏஜெண்ட் ஆபீஸ் பொண்ணு சொல்லிச்சு. அந்த அம்மா கையில் நான் ஒரு லெட்டர் கொடுக்கணும். அதை நீங்க இப்போ எழுதித் தரணும். இங்கிலீஷில். கோபமா எழுதணும். அருளானந்தம் மாதிரி வளைச்சு நெளிச்சு வேண்டாம், நான் சொல்றதை நான் சொல்ற மாதிரியே எழுதுங்க.

உங்க தாளிலேயே எழுதுங்க. நல்ல கனத் தாள்.

யார் பேரிலா? இதென்ன கேள்வி? என் பேரில்தான்! அவள் சொல்ல வெக்கப்பட்டா நான் வெக்கப்படணுமா? போடுங்க. செங்கோடன், மாட்டு வியாபாரி, அந்தியூர், ஈரோடு மாவட்டம். சிந்துஜாவின் அப்பன்னு பெருசாப் போடுங்க. பிள்ளையை அனுப்பினவனைக் கேக்காமப் பிள்ளையைப் பிடிச்சு வெச்சுக் கேள்வி கேக்கிறது என்ன நியாயம்னு எழுதுங்க. மெயில் மூணும் நான் போட்டது. எழுதுங்க! இன்னொருத்தர் சோலி எதுக்கு, அருளானந்தம் பேரை விட்டுருங்க, பிள்ளை குட்டிக்காரர், "படிச்ச ஒருத்தரை வெச்சு"ன்னு போடுங்க. அவரும் போனை அணைச்சு வெச்சிருக்கார், இருந்தாலும் போகட்டும்.

அவளுக்குத் தெரிஞ்சா போட்டீங்கன்னு கேக்கிறீங்களா? தெரிஞ்சா விடுவாளா அவ? நம்பரை அன்னைக்கே மாத்தியிருப்பா. தெரியாது. ஒரு எழுத்துத் தெரியாது. அதையும் எழுதணுமா? எழுதுங்க, எனக்கென்ன.

அப்புறம் அந்தச் சார்ட் விசயத்தையும் எழுதுங்க. ஆமாங்க, எழுதுங்க, அதுதான் எனக்கு ஆத்திரமே! அவ்வளவு பெரிய படிப்பாளியைக் கொண்டுவந்து முன்னால் உட்கார வெச்சேன். கை வலிக்க எழுதிப் பிடிச்சார். அவள் எழுதினதுக்கும் அந்தச் சார்ட்டுக்கும் ஒரு வரி பொருந்துமான்னு அவங்களே பார்த்துக்கட்டும். அவர் எழுதினது சுற்றுச்சூழல். கேள்வி என்னவோ வேற. ஒரு வார்த்தை எடுத்துக்கலை. அப்பன் செஞ்ச ஏற்பாட்டை ஒரு மசுருக்கும் மதிக்கலை. ...மசுருங்கிறதை எழுதாதீங்க. முழுக்க முழுக்க அவளே, அவ மண்டையில் இருந்ததை, அழிச்சு அழிச்சு எழுதினா, நான் வாசப்படியில் நின்னு என் ரெண்டு கண்ணால் பார்த்தேன்னு எழுதுங்க. வேணும்னா அங்கே வந்து சத்தியம் பண்றேன்னு போடுங்க. விசாவை அவங்களே கொடுக்கட்டும்.

ஏனுங்க வாத்தியாரே, இப்ப எதுக்கு நிறுத்திட்டு என்னையே பார்க்கிறீங்க? நல்லாத்தானே போகுது? கண்டக்டர் விசிலை வாயில் வெச்சுட்டான். ஏப்பா, இன்னும் மூணு நிமிசம் இருக்கு, நான் மணி பார்த்துட்டுத்தான் பேசுறேன்!

மஞ்சளா? அதையும் விடாதீங்க. அது லஞ்சம் இல்லை, எங்க வழக்கம், அனுப்ப நினைச்சவன் நான், அவளுக்கு அந்த வழக்கம் பிடிக்காதுன்னு எழுதுங்க. அவளுக்கு என் வழக்கம் எதுவும் பிடிக்காதுன்னு வேணும்னாலும் எழுதுங்க. அதுவும் நெசம்தான்.

முடிஞ்சுதா? படிச்சுக் காட்டுங்க. இங்கிலீஷிலேயே படிங்க, புரியாட்டிப் போகுது, கோபம் இருக்கான்னு பார்க்கிறேன்.

ம். கோபம் கொஞ்சம் கம்மியா இருக்கு. என் பேர் மூணு இடத்தில் வருதே, நல்லா இருக்கு. கீழே இடம் விட்டிருக்கீங்களே, கையெழுத்துக்கா? கொண்டாங்க. படிக்கத் தெரியாத தாளில் முப்பத்தஞ்சு வருசமா நான் கையெழுத்துப் போட்டதில்லை வாத்தியாரே. நீங்க சிரிக்காம நீட்டுறீங்க, அதனால் போடுறேன். இதில் எனக்கு ஏதாவது கேடு இருக்கா? ...எனக்கு இருக்கலாம், அவளுக்கு இல்லைங்கிறீங்களா? அப்போ சரி. கொண்டாங்க பேனாவை.

இருங்க, எடுத்துடாதீங்க. கடைசியில் இன்னும் ரெண்டு வரி சேருங்க. இது அந்த அம்மாவுக்கு இல்லை. அந்தப் பரிட்சையைத் திருத்தின ஆளுக்கு. பேர் தெரியாட்டிப் பரவாயில்லை, 'திருத்தினவருக்கு'ன்னே போடுங்க. நீ யாரோ, எங்கே உட்கார்ந்திருக்கியோ, என் மகள் எழுதின பேப்பரை வெளியே எடு. இந்தத் தடவை மேலே நாலு வரி கீழே நாலு வரி வேண்டாம், முழுசாப் படி. அவள் என்ன சொல்லியிருக்கான்னு எனக்குத் தெரியாது, எனக்கு அவள் படிச்சுக் காட்டினதில்லை. நீ ஒருத்தன்தான் படிச்சிருக்கே. இதை எழுதினது இவள்தான், வேற யாரும் இல்லைன்னு வெள்ளிக்கிழமை நீ வந்து எல்லார் முன்னாடியும் வாயைத் திறந்து சொல்லு. நீதான் சொல்லணும். சொல்லி, என் மகளுக்குச் சரி பண்ணிக் கொடு.